பிக்கப் வாங்கப் போகிறேன்: ரோடு டிரிமா, ஆஃப்ரோடு டிரிமா?

தேன்பெட்டி எழுதியது:

வணக்கம். இரண்டு மாதமாக யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

ஒரு நடுத்தர அளவு பிக்கப், நான்கு கதவு. மாடலை முடிவு செய்துவிட்டேன். அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், லோ ரேஞ்சோடு (மெதுவாக, அதிக விசையோடு போவதற்கான கியர்) ஃபோர் வீல் டிரைவ் இரண்டிலும் உண்டு. குழப்பம் டிரிமில்தான், அதாவது அதே மாடலில் எந்த வகை என்பதில். ஒன்று ரோட்டுக்கென்று செய்தது: 18 அங்குல வீல், இறுக்கமான சஸ்பென்ஷன், வண்டி நிறத்திலேயே பம்பர். இன்னொன்று ஆஃப்ரோடு: 17 அங்குல வீல், பற்கள் பெரிதான ஆல் டெரெய்ன் டயர், பின் அச்சில் டிஃப் லாக் (இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு), அடியில் இரும்புத் தகடுகள், வேறு ஷாக் அப்சார்பர்.

என் ஓட்டம் இப்படி. தினமும் வேலைக்குப் போய்வர 60 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. அது போக நான் தேனீ வளர்க்கிறேன், 24 பெட்டிகள். பூக்கும் பருவத்தில் அவற்றை இரவோடு இரவாகத் தோட்டங்களுக்கு மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஐந்தாறு முறைதான். ஆனால் அந்தத் தோட்டங்களுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அதிலும் கடைசி 300 மீட்டர் களிமண் இறக்கம். மழை பெய்தால் சோப்புக்கட்டி மேல் நிற்பது போல் இருக்கும்.

வருடத்தில் 350 நாள் ரோடு, 6 இரவு மண். எதற்காக வாங்குவது?

---

தார்ச்சாலை எழுதியது:

நீங்களே கணக்குப் போட்டுவிட்டீர்கள். 350 நாளுக்கு வாங்குங்கள்.

மூன்று வருடமாக ரோடு டிரிம்தான் ஓட்டுகிறேன். அதற்கு முன் ஆல் டெரெய்ன் டயர் போட்ட பிக்கப் ஒன்று வைத்திருந்தேன், அதனால் இரண்டையும் தெரிந்துதான் சொல்கிறேன். ஈரமான தார்ச்சாலையில் அவசரமாக பிரேக் அடிக்கும்போது அந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும். பற்கள் பெரிதாகவும் இடைவெளி அதிகமாகவும் இருக்கும் டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, அந்தப் பற்களும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நெடுஞ்சாலையில் திடீரென்று ஒரு வண்டி குறுக்கே வந்து நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும்போது, உயரமான வண்டி ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பும். என் பிள்ளைகள் பின் சீட்டில் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு கணம் முக்கியம்.

சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதில் தெரியாது. ஆல் டெரெய்ன் டயர் பாதி தேய்ந்த பிறகு 90-ல் போகும்போது ஒரு முனகல் ஆரம்பிக்கும், அப்புறம் அது நிற்காது. தினம் 60 கிலோமீட்டர் அதைக் கேட்க வேண்டும். எரிபொருளும் கொஞ்சம் கூடுதலாகவே போகும்.

6 இரவுக்கு யாரிடமாவது வண்டி இரவல் வாங்கிக்கொள்ளலாமே?

---

மழைக்காலம் எழுதியது:

அந்த 6 இரவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஓடை ஓரம் மேய்ச்சல் நிலத்துக்குத் தண்ணீர் டேங்க் கொண்டு போனேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான், ஆனால் டிஃப் லாக் கிடையாது. போகும்போது நிறைய பாரம், பின் சக்கரம் நன்றாகப் பிடித்தது. சறுக்கவே இல்லை. டேங்க்கை இறக்கி வைத்தேன், மழை பிடித்துக்கொண்டது, திரும்ப அதே மேட்டில் ஏறினேன். பின்பக்கம் காலி. ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் சும்மா சுற்றின, மற்ற இரண்டும் அசையவே இல்லை. ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர், சுற்றியது இரண்டு. சக்கரம் சும்மா சுற்றினால் தானே பிரேக் பிடிக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் கொஞ்ச நேரம் கிடுகிடுவென்று பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தது, பிறகு வண்டி பக்கவாட்டில் வாய்க்காலை நோக்கி நழுவ ஆரம்பித்தது. அணைத்துவிட்டு விடியும் வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பிக்கப்பைப் பொறுத்தவரை பாரத்தோடு உள்ளே போவது சுலபம், காலியாக வெளியே வருவதுதான் கஷ்டம். உங்களுக்கும் அதே கதைதான்: பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு அந்தக் களிமண்ணில் ஏற வேண்டும்.

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, டிரிம் பெயரை மறந்துவிட்டு உதிரி பாகங்களைப் பாருங்கள். அந்தப் பெயர் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர், அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் எது மாறியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு தெரிந்த உதாரணம் டொயோட்டா டகோமா. டிஆர்டி ஸ்போர்ட், டிஆர்டி ஆஃப்ரோடு என்று இரண்டு பெயர். 2024-ல் வந்த தலைமுறையில் ஸ்போர்ட்டுக்கு 18 அங்குல வீல், ஆஃப்ரோடுக்கு 17. ஆஃப்ரோடில் பில்ஸ்டைன் ஷாக், பின் அச்சில் மின் விசையால் இயங்கும் லாக். எஞ்சின் குடும்பம் ஒன்றுதான். ஃபோர்டு மேவரிக் இன்னும் தெளிவான உதாரணம். ட்ரெமர் டிரிமை ஒரு அங்குலம் உயர்த்திச் செய்தார்கள். 2025-ல் வந்த லோபோ டிரிமை முன்னால் அரை அங்குலம், பின்னால் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் தாழ்த்தி, 19 அங்குல வீல் போட்டார்கள். ஒரே வண்டி, ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்த இரண்டுக்கும் நடுவில் தேர்ந்தெடுப்பவருக்குக் குழப்பமே வராது. உங்களுக்கு வந்த குழப்பம் ஏனென்றால் உங்கள் இரண்டு டிரிமும் அவ்வளவு தூரம் விலகவில்லை.

இனி ஒவ்வொன்றாக. முதலில் டிஃப் லாக். சாதாரண டிஃப்ரன்ஷியல், அதாவது அச்சின் நடுவில் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி, இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் சேற்றில் பிடிப்பே இல்லை என்றால், அந்தச் சக்கரத்தைச் சுற்ற வைக்க எவ்வளவு கொஞ்சம் விசை போதுமோ, மறுபக்கத்துக்கும் அவ்வளவுதான் போகும். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. மழைக்காலம் சொன்னது அதைத்தான். லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒரே தண்டு போல் சேர்ந்து சுற்றும், பிடிப்பு இருக்கிற பக்கம் வண்டியைத் தள்ளும். டிராக்ஷன் கன்ட்ரோலும் இதே வேலையை பிரேக் வழியாகச் செய்யப் பார்க்கும், ஆனால் சக்கரம் சுற்றிய பிறகுதான் அதற்குத் தெரியும். களிமண்ணில் அந்த ஒரு சுற்று போதும், டயர் பற்களில் மண் அப்பிக்கொள்ளும்.

லாக்கைத் திருப்பத்தில் போடக் கூடாது, தார்ச்சாலையில் போடவே கூடாது. மெதுவாக, நேராக, தேவைப்படும் தூரத்துக்கு மட்டும்.

அப்புறம் டயர். டயரை நாளைக்கே மாற்றலாம். அடித்தகட்டையும் நாளைக்குப் போடலாம். ஷாக் தேய்ந்ததும் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். ஆனால் டிஃப் லாக்கைப் பின்னால் சேர்ப்பது என்றால் அச்சைத் திறந்து, கியர்களைக் கழற்றி, இடைவெளியை மறுபடி அளந்து பொருத்துகிற வேலை. நான் செய்திருக்கிறேன். செய்ய முடியாது என்றில்லை, கம்பெனியிலிருந்தே வருவதற்கு ஈடில்லை என்பேன். பின்னால் சேர்க்கக் கஷ்டமானதை இப்போதே வாங்குங்கள், சுலபமானதற்கு அதிகம் கொடுக்காதீர்கள். இப்போதைக்கு ஆஃப்ரோடு பக்கம்தான் என் ஓட்டு.

---

இரண்டாம் கியர் எழுதியது:

ஸ்பேனர் அண்ணா, நடுவில் ஒரு சந்தேகம். மழையில் தார்ச்சாலையிலும் ஃபோர் வீல் டிரைவ் போட்டுக்கொண்டு போகலாமா? அப்படியென்றால் தார்ச்சாலை சொன்ன பிரேக் பிரச்சினை குறையுமே?

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

குறையாது தம்பி. நிற்பது நான்கு பிரேக்கும் நான்கு டயரும் பார்க்கிற வேலை, அதில் ஃபோர் வீல் டிரைவுக்குப் பங்கில்லை. கிளம்பவும் ஏறவும்தான் அது உதவும். வேகமாகக் கிளம்ப முடிகிறது என்பதால் வேகமாக நிற்கவும் முடியும் என்று நம்பித்தான் நிறைய பேர் பள்ளத்தில் இறங்குகிறார்கள்.

தவிர, தேவைப்படும்போது மட்டும் போடுகிற வகையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள காய்ந்த ரோட்டில் போட்டுத் திருப்பினால் முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் இழுக்கும், கியர்களுக்குக் கேடு. எப்போதும் போட்டிருக்கலாம் என்ற வகையா என்று உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

---

கரடுமுரடு எழுதியது:

"ரோடு டிரிம் என்றால் சொகுசு, ஆஃப்ரோடு என்றால் உதறல்" என்ற எண்ணம் இங்கே ஓடுகிறது. அதை மட்டும் திருத்த வேண்டும்.

ரோட்டு டிரிமின் சஸ்பென்ஷன் திருப்பத்தில் சாயாமல் இருப்பதற்காக இறுக்கிச் செய்தது. வீல் பெரிது என்றால் டயரின் பக்கச்சுவர் குட்டை. நல்ல ரோட்டில் அது அருமை, ஒப்புக்கொள்கிறேன். உடைந்த ரோட்டில் ஒவ்வொரு குழியும் இடுப்பில் வந்து இறங்கும். குட்டையான பக்கச்சுவர் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி வெட்டுப்படுவதும் நடக்கும். 17 அங்குல வீலில் ரப்பர் உயரம் கூடுதல், அதுவே ஒரு ஸ்பிரிங் மாதிரி.

நல்ல ஆஃப்ரோடு ஷாக் நீளமாகப் பயணிக்கும், சூடானாலும் தளராது. செவ்ரோலே கொலராடோ இசட்ஆர்2-வில் மல்டிமாட்டிக் செய்த ஷாக் வைத்து, முன் பின் இரண்டு அச்சிலும் லாக் கொடுத்தார்கள். ஃபோர்டு ரேஞ்சர் ராப்டரில் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டார்கள். அப்படிப்பட்ட வண்டியில் துணி துவைக்கும் பலகை போல் வரிவரியாக இருக்கும் மண்பாதையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பின் சீட்டில் இருப்பவர் தூங்கிவிடுவார். தேனீப் பெட்டிக்குள் அடைக்கு அதைவிட நல்லது வேறென்ன?

அலைச்சல் இல்லாத மண்பாதையை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆஃப்ரோடு எடுங்கள், யோசிக்காதீர்கள்.

---

மலர்வழி எழுதியது:

நானும் தேனீ வளர்க்கிறவள்தான், அதனால் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். தம்பி, உங்கள் பெட்டி ஒன்று எத்தனை கிலோ?

யாருமே பாரத்தைப் பற்றிப் பேசவில்லை. தேன் நிறைந்த பெட்டி 30-லிருந்து 40 கிலோ வரை வரும். 24 பெட்டி என்றால் கிட்டத்தட்ட ஒரு டன். நடுத்தர பிக்கப் எல்லாமும் அதைத் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டிரிம் மாறினால் பேலோடும், அதாவது வண்டி சுமக்க அனுமதித்த எடையும், மாறும். அடித்தகடு, பெரிய டயர், கூடுதல் இருக்கை வசதி, எல்லாமே எடை. வண்டியின் மொத்த எடை வரம்பு ஒன்றுதான். வண்டியே கனத்துவிட்டால் சரக்குக்கு மிச்சம் குறையும். மென்மையான ஸ்பிரிங் என்றால் அந்த வரம்பே குறையும். கரடுமுரடு சொன்ன ரேஞ்சர் ராப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்: மற்ற ரேஞ்சர் டிரிம்கள் 3500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கும் சந்தைகளில் ராப்டர் இழுப்பது 2500 கிலோ. வேகமாகத் தாவ உதவுகிற அதே மென்மைக்குக் கொடுக்கிற விலை அது.

ரோடு பக்கமும் இதே கதை உண்டு. 1991-ல் வந்த ஜிஎம்சி சைக்ளோன், 280 குதிரைத்திறன் டர்போ எஞ்சின் வைத்த தாழ்வான பிக்கப். அது சுமக்க அனுமதித்த எடை 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோ. உங்கள் பெட்டியில் ஆறு ஏற்றினால் முடிந்தது.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விளம்பரத்தில் போடுகிற எண் அந்த மாடலிலேயே அதிகபட்சம், வாங்கப் போகிற வண்டியின் எண் அந்த ஸ்டிக்கரில்தான். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்கும்போது பின் கதவைத் திறந்துபோட்டு தரையிலிருந்து அதன் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரவு ஒரு மணிக்கு, முகத்திரை போட்டுக்கொண்டு, 40 கிலோவை எத்தனை சென்டிமீட்டர் தூக்குகிறீர்கள் என்பது உங்கள் முதுகுக்குத் தெரியும். உயர்த்திய வண்டி பார்க்க அழகாக இருக்கும், தூக்கும்போது அழகு தெரியாது.

---

தேன்பெட்டி எழுதியது:

மலர்வழி அக்கா, கேட்டதற்கு நன்றி. நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. இன்று ஷோரூமுக்குப் போய் இரண்டு வண்டியின் கதவையும் திறந்து எழுதிக்கொண்டு வந்தேன்.

ரோடு டிரிம்: 560 கிலோ. ஆஃப்ரோடு டிரிம்: 480 கிலோ. இதில் ஆட்களும் சரக்கும் சேர்த்து என்று ஸ்டிக்கரிலேயே எழுதியிருக்கிறது. நானும் தம்பியும், கயிறு, கருவிகள் எல்லாம் சேர்த்து 170 கிலோ. என் பெட்டிகளை நேற்றிரவு எடை போட்டேன், சராசரி 38.

அப்படியென்றால் ரோடு டிரிமில் 390 கிலோ மிச்சம், 10 பெட்டி. ஆஃப்ரோடில் 310 கிலோ மிச்சம், 8 பெட்டி. 24 பெட்டிக்கு இரண்டிலுமே மூன்று நடை. ஒரு நடைக்கு ஏற்றி, ஓட்டி, இறக்கி, திரும்ப இரண்டரை மணி நேரம். இருட்டிய பிறகு எல்லாத் தேனீயும் கூடு திரும்பினால்தான் வாசலை அடைக்க முடியும். மூன்றாவது நடை முடிவதற்குள் வெயில் வந்துவிடும், அடைத்த பெட்டிக்குள் சூடேறும்.

பின் கதவு உயரத்தில் வித்தியாசம் 4 சென்டிமீட்டர். சின்ன எண்தான், ஆனால் அக்கா சொன்னது புரிகிறது.

டிரெய்லர் வாங்கினால் என்ன?

---

மழைக்காலம் எழுதியது:

அந்தக் களிமண் இறக்கத்தில் டிரெய்லர் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும், சறுக்கினால் மடிந்துகொள்ளும். திருப்ப இடமும் இருக்காது.

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

டிரெய்லர் போட்டாலும் அதன் முன்முனை எடை வண்டி மேல்தான் உட்காரும். பொதுவாக டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. அதுவும் இதே பேலோடிலிருந்துதான் கழியும். தார்ச்சாலையில் நல்ல வழி, உங்கள் 300 மீட்டருக்கு இல்லை.

நான் முதல் பதிவில் ஆஃப்ரோடு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மலர்வழி கேட்ட கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். டயரும் லாக்கும் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பாதையில் பகலில் நடந்து போங்கள், கையில் அளவு நாடாவோடு. சக்கரத் தடங்களுக்கு நடுவே மேடு எவ்வளவு உயரம், இறக்கம் முடிகிற இடத்தில் வண்டியின் மூக்கு இடிக்குமா, ஏறும் இடத்தில் வால் இடிக்குமா, மூன்றையும் பாருங்கள்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். பாரம் ஏற்றினால் வண்டியின் உடம்பு தாழும், பின் பம்பரும் இழுவைக் கொக்கியும் தாழும். ஆனால் பின் அச்சின் நடுவில் இருக்கும் அந்தக் குண்டு, டிஃப்ரன்ஷியல் உறை, அது தாழாது. ஏனென்றால் அது சக்கரத்தோடு இணைந்த ஒரே இரும்பு, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதன் உயரத்தை முடிவு செய்வது டயரின் விட்டம் மட்டும்தான். வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் அது உயராது, விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் அது ஒரு அங்குலம் உயரும். நடு மேட்டில் முதலில் தட்டுவதும் பெரும்பாலும் அதுதான். ஆகவே இரண்டு டிரிமிலும் டயரின் மொத்த விட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், வீல் அளவை அல்ல.

---

இரண்டாம் கியர் எழுதியது:

இந்த இழையைப் படித்து எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. எனக்கு மண்பாதையே கிடையாது. தாழ்வான கூரை உள்ள பார்க்கிங், நெடுஞ்சாலை, மாதம் ஒருமுறை வீட்டுச் சாமான். ஆஃப்ரோடு டிரிமின் தோற்றத்துக்காகத்தான் ஆசைப்பட்டேன். ரோடு டிரிம்தான் எடுக்கிறேன், அதிலும் ஒரு அளவு சின்ன வீல் கிடைக்குமா என்று கேட்கப் போகிறேன். தார்ச்சாலை அண்ணாவுக்கு நன்றி.

---

தேன்பெட்டி எழுதியது:

நேற்று மாலை முழுவதும் பாதையில் நடந்தேன். எழுத நிறைய இருக்கிறது.

நடு மேடு மிக உயர்ந்த இடத்தில் 19 சென்டிமீட்டர். இரண்டு டிரிமின் டயர் விட்டத்திலும் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்தான், அதாவது பின் அச்சின் உயரத்தில் முக்கால் சென்டிமீட்டர்! இத்தனை நாள் நான் பெரிதாக நினைத்த உயர வித்தியாசம் நடு மேட்டுக்கு வந்ததும் ஒன்றுமே இல்லை. மூக்கு இடிக்கிற இடம் ஒன்றும் இல்லை. அடியில் கல் கிடையாது, முழுக்க மண். அடித்தகட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் களிமண் ஏற்றம் நான் நினைத்ததைவிட மோசம். தடம் ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேடு. எந்த வண்டி போனாலும் ஒரு பின் சக்கரம் லேசாகிவிடும். அங்கே லாக் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆக எனக்குத் தேவை லாக், நல்ல டயர், அதிக பேலோடு. தேவையில்லாதது தகடு, தாவும் ஷாக், பெரிய வீல். இரண்டு டிரிமிலும் நான் கேட்பதில் பாதிதான் இருக்கிறது.

---

பழைய ஸ்பேனர் எழுதியது:

சரி, அப்படியென்றால் மூன்றாவது டிரிமைக் கேளுங்கள். இந்த மாடலில் வேலைக்காரர்களுக்கென்று அடிமட்ட டிரிம் ஒன்று இருக்கும். இரும்பு வீல், சாதாரண சீட், கறுப்பு பம்பர். ஷோரூமில் முன்னால் நிறுத்த மாட்டார்கள். பல கம்பெனிகள் அதிலும் பின் அச்சு லாக்கைத் தனி விருப்பமாகக் கொடுக்கிறார்கள். கூடுதல் சாமான் இல்லாததால் வண்டி எடை குறைவு, பேலோடு அதிகம். ஃபோர் வீல் டிரைவோடு லாக்கும் சேர்த்து ஆர்டர் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

---

தார்ச்சாலை எழுதியது:

இது நல்ல யோசனை. நான் சொன்ன பிரேக் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த டிரிமுக்கு டயர் வாங்கும்போது சேற்றுக்கென்றே வருகிற மட் டெரெய்ன் வகைக்குப் போகாதீர்கள், ஆல் டெரெய்னிலும் பற்கள் நெருக்கமான வகையாக எடுங்கள். 350 நாள் இன்னும் 350 நாள்தான். டயரின் பாரக் குறியீடு (எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்) கம்பெனி கொடுத்ததற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

எல்டி என்று தொடங்கும் லாரி வகை டயர் எடுத்தால் பக்கச்சுவர் உறுதியாக இருக்கும். ஆனால் அதே பாரத்துக்குக் காற்று அழுத்தம் அதிகம் வைக்க வேண்டும், டயரும் கனம். எடுக்கும் முன் கடைக்காரரிடம் அழுத்த அட்டவணையைக் கேளுங்கள்.

---

கரடுமுரடு எழுதியது:

என் யோசனை உங்களுக்குப் பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன். காலியாகப் போய்வருகிறவர்களுக்கு நான் சொன்னது பொருந்தும். நீங்கள் சுமக்கிறவர்.

ஆனால் ஒன்று உதவும். மண்பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்திக் காற்றைக் குறையுங்கள். காலி வண்டியில் 35 பிஎஸ்ஐ-லிருந்து 22 வாக்கில் இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும், பிடிப்பு கூடும், உதறல் குறையும். பாரத்தோடு போகும்போது அவ்வளவு இறக்காதீர்கள், பின் டயர் மடிந்து சூடாகும். திரும்பி வரும்போது, காலியாக ஏறும் முன் இறக்குங்கள். தார்ச்சாலையைத் தொட்டதும் முதல் வேலை காற்று நிரப்புவது. சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

---

தேன்பெட்டி எழுதியது:

கேட்டேன். இருக்கிறது! அடிமட்ட டிரிம், நான்கு கதவு, லோ ரேஞ்ச், பின் அச்சு லாக் தனியாகச் சேர்த்து. ஷோரூமில் ஒன்றுகூட இல்லை, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். இதே அமைப்பில் வேறொருவருக்கு வந்திருந்த வண்டியின் ஸ்டிக்கரைக் காட்டினார்கள்: 640 கிலோ. எங்கள் 170 போக 470. பெட்டி 12.

24 பெட்டிக்கு இரண்டே நடை. பதினோரு மணிக்குத் தொடங்கினால் நான்கு மணிக்கு முடிந்துவிடும்.

வீட்டில் பின் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் வருத்தம், ரெக்ஸின் உறைதான். அதை நான் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

---

மலர்வழி எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. பெட்டியை ஏற்றும்போது உள்ளே சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கட்டும். குறுக்காக வைத்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் சட்டங்கள் ஆடி ஒன்றோடு ஒன்று மோதும், ராணி நசுங்கினால் கூடே போனது. 12 பெட்டியையும் ஒரே அடுக்காக வைக்க இடம் இருக்கிறதா என்று தளத்தை அளந்து பாருங்கள். இரண்டு அடுக்கு வேண்டுமென்றால் கனமானது கீழே, கேபினை ஒட்டி. வழியில் டீசலுக்கோ வேறு எதற்கோ நிறுத்தாதீர்கள், வண்டி நின்றால் காற்றோட்டம் நின்றுவிடும்.

---

தேன்பெட்டி எழுதியது:

வண்டி வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் இடமாற்றம் நேற்றிரவு முடிந்தது, அதை எழுதாமல் இந்த இழையை விட மனமில்லை.

10 பெட்டி ஒரே அடுக்காக, 2 பெட்டி கேபினை ஒட்டி மேலே. தார்ச்சாலையில் வண்டி நிறைந்த பாரத்தில் நன்றாகவே இருந்தது, காலியாக ஓட்டுவதைவிட மென்மை. காலியாக இருக்கும்போது பின்பக்கம் துள்ளுகிறது, அது உண்மை, தினமும் தெரிகிறது. தார்ச்சாலை அண்ணாவின் வண்டி அளவுக்குத் திருப்பத்தில் உறுதி இல்லை, அதுவும் உண்மை. வேகத்தைக் குறைத்து ஓட்டப் பழகிக்கொண்டேன்.

முதல் நடையில் பாதை காய்ந்திருந்தது, லோ ரேஞ்சில் இறங்கினேன், ஏறினேன், லாக் தேவைப்படவில்லை. இரண்டாவது நடையில் பெட்டிகளை இறக்கும்போது தூறல். வாசல்களைத் திறந்து முடிப்பதற்குள் நல்ல மழை. கீழேயே நிறுத்தி நான்கு டயரையும் 22-க்கு இறக்கினேன். காலி வண்டி. மழைக்காலம் சொன்ன அதே இடம், அதே நிலைமை.

லாக் இல்லாமல் ஏறிப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னான். நான் முயற்சிக்கவில்லை, சறுக்கிய பிறகு போடுவதைவிட முதலிலேயே போடுவது நல்லது என்று தோன்றியது. லோ ரேஞ்ச், இரண்டாவது கியர், பொத்தானை அழுத்தி விளக்கு எரியும் வரை காத்திருந்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு இடத்தில் இடது பின் சக்கரம் லேசானது தெரிந்தது, வண்டி ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. வலது பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது.

மேட்டில் ஏறியதும் லாக்கை எடுத்தேன். தார்ச்சாலை ஓரம் நிறுத்தி, மழையில் நனைந்தபடி நான்கு டயருக்கும் காற்று நிரப்பி முடித்தபோது மணி நான்கே முக்கால்.